ஏஆர் பிஸ்டலில் பஃபரை மாற்றலாமா? சட்டப்படி அது எதுவரை பிஸ்டல்?

கேள்வி சுருக்கமாக இதுதான். டெக்சாஸில் இருக்கும் ஒருவர் ஏழரை அங்குலக் குழல் கொண்ட 5.56 மில்லிமீட்டர் ஏஆர் பிஸ்டல் (ஏஆர்-15 ரைஃபிளின் குட்டையான கைத்துப்பாக்கி வடிவம்) ஒன்று வாங்கியிருக்கிறார். மேகசினுக்கு ஒரு முறையாவது சிக்கிக்கொள்கிறது. கனமான பஃபர் (துப்பாக்கியின் பின்குழாயில் ஸ்பிரிங்கோடு நகரும் எடை) போட்டால் சரியாகிவிடும் என்று கடையில் சொன்னார்களாம். அதோடு, பின்னால் உள்ள பிரேஸை, அதாவது முன்கையில் கட்டிக்கொள்ளும் பட்டையை, கழற்றிவிட்டுத் தோளில் வைக்கும் ரைஃபிள் ஸ்டாக் மாட்டினால் என்ன தப்பு, 2023இல் பிரேஸையே தடை செய்தார்களே அது இப்போது என்ன ஆயிற்று, எச்-1பி விசாவில் இருக்கும் மைத்துனர் இப்படி ஒன்று வாங்கலாமா, காரில் வைத்துக்கொண்டு பக்கத்து மாநிலத்துக்குப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: இப்போதைக்குப் பஃபரைத் தொடாதீர்கள். இந்தத் துப்பாக்கி சிக்குவதற்கு ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு காரணங்கள் இருக்கலாம். கனமான பஃபர் ஒன்றைச் சரிசெய்யும், மற்றதை மோசமாக்கும். உங்களுடையது எது என்று தெரியாமல் காசு செலவழிப்பதில் அர்த்தமில்லை.

பஃபர் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். ஏஆர் வகையில் தோட்டா வெடித்ததும், குழலில் உள்ள சிறு துளை வழியாக வாயு மேலே ஏறி, மெல்லிய குழாய் ஒன்றில் பின்னோக்கி வந்து, தோட்டா அறையை மூடும் போல்ட்டைத் தாங்கும் கேரியருக்குள் நுழைகிறது. கேரியர் பின்னால் நகர, போல்ட் திரும்பிப் பூட்டு விடுபடுகிறது. வெற்றுக்கூடு வெளியே வருகிறது. கேரியர் தன் பின்னால் இருக்கும் பஃபரையும் ஸ்பிரிங்கையும் தள்ளிக்கொண்டு பஃபர் ட்யூபுக்குள் போகிறது. ஸ்பிரிங் திருப்பித் தள்ளும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை இழுத்துக்கொண்டு முன்னே வந்து பூட்டிக்கொள்கிறது. கேரியர் போய்த் திரும்புவதற்கு அந்த ட்யூப் கட்டாயம் தேவை. அது இல்லாமல் இந்தத் துப்பாக்கி இயங்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சட்டத்தைப் பேசும்போது மறுபடி தேவைப்படும்.

பஃபருக்கு இரண்டு வேலைகள். ஒன்று, கேரியரின் எடையைக் கூட்டி அதன் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. இன்னொன்று, முன்னால் வந்து மோதும் கேரியர் எம்பிக் குதித்துப் பின்வாங்காமல் அழுத்திப் பிடிப்பது. பஃபரைக் கையில் எடுத்து ஆட்டிப் பாருங்கள், உள்ளே ஏதோ கடகடவென்று நகரும். அவை மூன்று உலோக எடைகள், நடுவில் ரப்பர் வில்லைகள். கேரியர் முன்னால் மோதி நின்ற கணத்துக்குச் சற்றுப் பிந்தி இந்த எடைகள் முன்னே வந்து இடிக்கும், அதனால் எம்பல் அடங்கும். உள்ளே ஈயக் குண்டு போட்ட சுத்தியல் அடித்த இடத்திலேயே துள்ளாமல் நிற்குமே, அதே தத்துவம். நீங்கள் வைத்திருப்பது அரைத்தானியங்கி என்பதால் இந்த எம்பல் உங்களுக்குப் பெரிய விஷயமில்லை. உங்கள் விரல் அடுத்த முறை விசையை இழுப்பதற்குள் எல்லாம் அடங்கியிருக்கும். உங்களுக்கு முக்கியம் முதல் வேலை, அதாவது நேரக் கணக்கு.

இந்தக் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஏஆர்-15இன் ராணுவ வடிவமான எம்16இன் வரலாறே போதும். யூஜீன் ஸ்டோனர் வடிவமைத்த துப்பாக்கி ஒரு வகை வெடிமருந்துக்காகத் தீர்மானிக்கப்பட்டது. 1960களின் நடுவில் அமெரிக்க ராணுவம் வேறு வகை மருந்து நிரப்பிய தோட்டாக்களை வாங்கத் தொடங்கியது. குழல் துளைக்கு வந்துசேரும் அழுத்தம் கூடியது, சுடும் வேகம் நிமிடத்துக்கு 850 என்ற வரம்பைத் தாண்டிப் போனது. கூடு அறைக்குள் இறுகிக்கொண்டிருக்கும்போதே கேரியர் அதைப் பிடுங்க முயன்றது. வியட்நாமில் இருந்த வீரர்கள் கழியை விட்டுக் கூட்டைத் தள்ளி எடுக்க வேண்டிய நிலை. மருந்து மாற்றம் மட்டும் காரணமில்லை, அறைக்குக் குரோமியம் பூசாதது, துடைக்கும் கருவிகள் போதாதது எல்லாம் சேர்ந்துகொண்டன. 1967இல் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைக் குழு ஒன்று இதையெல்லாம் விசாரித்தது. அந்தக் காலத்தில் வந்த திருத்தங்களில் ஒன்றுதான் நகரும் எடைகள் கொண்ட இந்தக் கனமான பஃபர். துப்பாக்கி, தோட்டா, வாயு, ஸ்பிரிங், பஃபர் எல்லாம் ஒரே கணக்கின் உறுப்புகள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றவை அப்படியே ஒத்துப்போகும் என்று நம்பியவர்கள் அன்றைக்குக் கொடுத்த விலை உயிர்.

இப்போது உங்கள் ஏழரை அங்குலத்துக்கு வருவோம். 5.56 தோட்டா 20 அங்குலக் குழலுக்காகப் பிறந்தது. அங்கே வாயுத் துளை குழலின் தொடக்கத்திலிருந்து ஓர் அடிக்கும் சற்று மேலே இருக்கும், துளையைத் தாண்டிய பிறகும் குண்டுக்கு ஏறக்குறைய ஏழு அங்குலப் பயணம் மீதி இருக்கும். அந்த மீதிப் பயணம் முடியும் வரைதான் குழலில் அழுத்தம் நிற்கும், கேரியருக்கு வாயு கிடைக்கும். உங்கள் துப்பாக்கியில் துளை நாலு அங்குலத்துக்குச் சற்று மேலே இருக்கிறது, மீதி மூன்று அங்குலம். துளைக்கு வரும் அழுத்தமோ மிக அதிகம், கிடைக்கும் நேரமோ மிகக் குறைவு. இதைச் சமாளிக்கத் தயாரிப்பாளர்கள் துளையைப் பெரிதாகப் போடுகிறார்கள். சிலர் சரியாகப் போடுகிறார்கள். பலர், மலிவான பலவீனமான தோட்டாவிலும் ஓட வேண்டுமே என்று அளவுக்கு மீறிப் பெரிதாகப் போட்டுவிடுகிறார்கள். இது போக, குண்டின் வேகம் நீண்ட குழலில் கிடைப்பதைவிடக் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். எரியாத மருந்து வாயிலில் பெரிய தீப்பந்தாக வெடிக்கும். ஏழரை அங்குலத்தில் 5.56 என்பது எனக்கு உவப்பான சேர்க்கை இல்லை. பத்தரை அல்லது பதினொன்றரை அங்குலம் வாங்கியிருந்தால் இந்தக் கேள்வியில் பாதி எழுந்திருக்காது. குட்டைக் குழல்தான் வேண்டுமென்றால் .300 பிளாக்அவுட் அதற்கென்றே பொருந்தும் தோட்டா. சரி, வாங்கியாகிவிட்டது, இருப்பதைச் சரிசெய்வோம்.

வாயு போதவில்லை என்றால் கேரியர் முழுதாகப் பின்னால் போகாது. வெற்றுக்கூடு வாசலிலேயே நிமிர்ந்து மாட்டிக்கொள்ளும், அல்லது கூடு வெளியேறிவிடும், ஆனால் அடுத்த தோட்டாவை எடுக்காமல் காலி அறைமேல் போல்ட் மூடிக்கொள்ளும். மேகசின் தீர்ந்ததும் போல்ட் பின்னால் நிற்காது. வாயு அதிகமானால் கேரியர் தறிகெட்ட வேகத்தில் போகும். கூட்டின் விளிம்பு கிழிந்திருக்கும், அல்லது பிடிகொக்கி நழுவி, கூடு அறைக்குள்ளேயே நின்றுவிடும். மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்குவதற்குள் போல்ட் திரும்பி வந்து, தோட்டாவின் முதுகில் நடுவாக இடிக்கும். இதிலும் போல்ட் பின்னால் நிற்காமல் போகலாம், ஏனென்றால் அதைப் பிடிக்கும் நெம்பு எழும்புவதற்குள் போல்ட் கடந்துவிடும். ஆக ஒரே அறிகுறி, இரண்டு காரணங்கள். கடைக்காரர் துப்பாக்கியைப் பார்க்காமல் சொன்ன யோசனையை நான் ஏன் நம்பவில்லை என்பது இப்போது புரியும்.

எது என்று கண்டுபிடிக்க, சுட்ட கூடுகளைப் பொறுக்கி எடுத்துப் பாருங்கள். மைதானத்தில் பித்தளையைப் பெருக்கித் தள்ளிவிட்டுப் போகாதீர்கள், அதில்தான் துப்பாக்கி தன் கதையை எழுதிவைத்திருக்கிறது. அடிப்பக்க விளிம்பில் ஓரிடத்தில் வளைந்து தூக்கியிருக்கிறதா? அடித்தட்டில், வெளித்தள்ளும் முள் இருக்கும் இடத்தில், பளபளவென்று தேய்த்துவிட்டது போன்ற பொட்டு இருக்கிறதா? இரண்டும் இருந்தால், அழுத்தம் தணியும் முன்பே பூட்டு திறக்கிறது என்று அர்த்தம், வாயு அதிகம். கூடுகள் எங்கே விழுகின்றன என்பதையும் பாருங்கள். வலப்பக்கம் முன்னோக்கி எகிறினால் வேகம் அதிகம், நேர் வலமாகவோ சற்றுப் பின்னாலோ குவிந்தால் சரி, தோளுக்குப் பின்னால் சோம்பலாக விழுந்தால் வேகம் போதாது. ஆனால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம், வெளித்தள்ளும் ஸ்பிரிங் எவ்வளவு புதிது என்பதும் இதை மாற்றும்.

அடுத்து, மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். போல்ட் பின்னால் நின்றதா? வேறு மேகசின்களிலும், வேறு தயாரிப்புத் தோட்டாக்களிலும் இதையே செய்யுங்கள். வீரியமான ராணுவ வகைத் தோட்டாவில் நின்று, பலவீனமான மலிவுத் தோட்டாவில் நிற்காவிட்டால் வாயு போதவில்லை. பலவீனமானதில் ஒழுங்காக ஓடி, வீரியமானதில் சிக்கினால் வாயு அதிகம். ஒரு குறிப்பிட்ட மேகசினில் மட்டும் சிக்கினால், அந்த மேகசினைக் குப்பையில் போடுங்கள், துப்பாக்கியை விட்டுவிடுங்கள். நான் பார்த்த சிக்கல்களில் மேகசினால் வந்தவைதான் அதிகம்.

பஃபரைக் குறை சொல்லும் முன் மூன்று சின்னச் சோதனைகள். எல்லாம் தோட்டா இல்லாத நிலையில், அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு. முதலில் கேரியரின் மேலே திருகப்பட்டிருக்கும் சாவியைப் பாருங்கள். வாயுக் குழாய் நுழையும் இடம் அதுதான். அதன் இரண்டு திருகுகளும் சுற்றியுள்ள உலோகத்தை உளியால் நசுக்கி இறுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த நசுக்கல் இல்லையென்றால் திருகு தளர்ந்து வாயு பக்கவாட்டில் கசியும், சாவியின் அடியில் கறுப்பாகப் புகைக்கோடு தெரியும். மலிவுத் துப்பாக்கிகளில் இது அடிக்கடி நடக்கிறது. இரண்டாவது, ஸ்பிரிங். கார்பைன் (ரைஃபிளைவிடக் குறுகிய வகை) ஸ்பிரிங் 37 முதல் 39 சுற்று வரை இருக்கும், ரைஃபிள் ஸ்பிரிங் 41 முதல் 43. கழற்றிப் படுக்கவைத்து அளந்தால் கார்பைன் ஸ்பிரிங் பத்து அங்குலத்துக்குக் கீழே சுருங்கியிருக்கக் கூடாது. சுருங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள், விலை சொற்பம். பிஸ்டல் என்ற பெயரில் விற்கும் துப்பாக்கிகளிலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் கார்பைன் அளவுப் பஃபரும் ஸ்பிரிங்கும்தான். மூன்றாவது, பொருத்தம். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, பஃபரையும் கேரியரையும் கையால் ட்யூபுக்குள் முழுதாகத் தள்ளிப் பாருங்கள். பஃபரின் ரப்பர் முனை ட்யூபின் அடியைத் தொட்ட பிறகும், கேரியரின் சாவிக்கும் ரிசீவரின் (துப்பாக்கியின் உடல்பகுதி) பின்சுவருக்கும் இடையே சின்ன இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறை சுடும்போதும் சாவி போய் அலுமினியத்தில் இடிக்கும். ரைஃபிள் ட்யூபில் குட்டைப் பஃபர் போட்டவர்களுக்கும், ஆழமான ட்யூபில் அளவு பார்க்காமல் பாகங்களைக் கோத்தவர்களுக்கும் இது நடக்கும்.

இத்தனைக்கும் பிறகு வாயு அதிகம் என்றுதான் தெரிந்தால், அப்போது எடைக்கு வாருங்கள். சாதாரணக் கார்பைன் பஃபர் சுமார் 3 அவுன்ஸ், மூன்று எடைகளும் எஃகு. அதில் ஒன்றை டங்ஸ்டனாக மாற்றினால் அது எச், சுமார் 3.8 அவுன்ஸ். இரண்டை மாற்றினால் எச்2, சுமார் 4.6. மூன்றையும் மாற்றினால் எச்3, ஐந்தரையை நெருங்கும். ஒரேயடியாக எச்3க்குத் தாவ வேண்டாம். எச் போட்டுப் பாருங்கள், தேவைப்பட்டால் எச்2. நீங்கள் சுடப்போகும் தோட்டாக்களிலேயே பலவீனமானதை வைத்துச் சோதியுங்கள், அதிலும் கடைசித் தோட்டாவுக்குப் பிறகு போல்ட் நின்றால் அந்த எடை சரி. ஆனால் கனமான பஃபர் அதிகப்படியான வாயுவைத் தாங்கிக்கொள்கிறதே தவிரக் குறைப்பதில்லை. மூலத்திலேயே குறைக்க வேண்டுமென்றால், திருகு வைத்து வாயுவைக் கட்டுப்படுத்தும் கேஸ் பிளாக் மாட்ட வேண்டும். சைலன்சர் போடுகிறவர்களுக்கு அது கிட்டத்தட்ட அவசியம், ஏனென்றால் சைலன்சர் வாயுவைத் திருப்பி உள்ளே தள்ளும். வாயு போதாத துப்பாக்கிக்கு நேர் எதிர்: எடையைக் கூட்டக் கூடாது, கசிவைத் தேட வேண்டும், துளையும் கேஸ் பிளாக்கும் நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிதாக வாங்கியதென்றால் விற்றவருக்கே திருப்பி அனுப்புவதுதான் நியாயம். துளையை நீங்களே துரப்பணம் போட்டுப் பெரிதாக்க வேண்டாம், போட்டது போட்டதுதான்.

ஒன்பது மில்லிமீட்டர் ஏஆர் பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றில் பெரும்பாலானவை வாயுவால் ஓடுவதில்லை, பூட்டும் கிடையாது. போல்ட், பஃபர் இரண்டின் கனம்தான் எல்லாமே. அங்கே பஃபர் கனமாக இருப்பது கட்டாயம். நீளமும் முக்கியம், இல்லையென்றால் போல்ட் அளவுக்கு மீறிப் பின்னால் போய் வேகமெடுத்துத் திரும்பி, போல்ட் பிடிக்கும் நெம்பை உடைத்துவிடும்.

சட்டத்துக்குள் போவதற்கு முன் எந்திரமும் சட்டமும் மோதும் ஓர் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். விசையை ஒரு முறை இழுத்து இரண்டு தோட்டா போனால், அந்தக் கணமே சுடுவதை நிறுத்துங்கள். அதை ‘சும்மா ஒரு கோளாறு’ என்று தொடர்ந்து பயன்படுத்துவது ஆபத்து, உடலுக்கும் சட்டத்துக்கும். ஒரு முறை விசையை இழுத்தால் ஒன்றுக்கு மேல் தானாகச் சுடும் ஆயுதம் அமெரிக்கச் சட்டத்தில் இயந்திரத் துப்பாக்கி. 1994இல் ஸ்டேபிள்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், தன் துப்பாக்கி அப்படிச் சுடும் என்பது உரிமையாளருக்குத் தெரிந்திருந்தது என்று அரசு நிரூபிக்க வேண்டும் என்றது. அதுவும் ஏஆர்-15தான். அதாவது தெரியாமல் நடந்தால் பாதுகாப்பு உண்டு, தெரிந்த பிறகு அந்தப் பாதுகாப்பு போய்விடும். 2009இல் ஓலோஃப்சன் வழக்கில், இரவல் கொடுத்த ஏஆர்-15 மூன்று நான்கு குண்டுகளைத் தொடர்ச்சியாகச் சுட்டுவிட்டுச் சிக்கிக்கொண்டது. அது வெறும் பழுது என்ற வாதத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை, தண்டனை நிலைத்தது. அந்தத் துப்பாக்கிக்குள் எம்16 பாகங்கள் இருந்தன என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். உங்கள் விசைப் பகுதியில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

இப்போது ஸ்டாக். 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம், 16 அங்குலத்துக்குக் குறைவான குழல் கொண்ட ரைஃபிளைப் பதிவு செய்ய வேண்டிய ஆயுதமாக வைத்திருக்கிறது. மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலும் அப்படியே. இந்த விதியின் கதை விசித்திரமானது. முதலில் கைத்துப்பாக்கிகளையும் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவருவதாக இருந்தது. ரைஃபிளை அறுத்துச் சிறிதாக்கி அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து தப்பிவிடுவார்களே என்பதற்காகத்தான் குட்டை ரைஃபிள் பிரிவைச் சேர்த்தார்கள். பிறகு எதிர்ப்பு வந்து கைத்துப்பாக்கியை எடுத்துவிட்டார்கள், அதற்குக் காவலாகப் போட்ட வேலி மட்டும் தங்கிவிட்டது. அதனால்தான் ஏழரை அங்குலப் பிஸ்டலை யாரும் கேள்வி கேட்பதில்லை, அதே துப்பாக்கியில் தோளில் வைக்கும் ஸ்டாக் மாட்டினால் பத்து ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடிய கூட்டாட்சிக் குற்றம். எனக்கு இந்த வேறுபாட்டில் நியாயம் தெரியவில்லை. ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது, எனக்கு நியாயம் தெரியாததால் நீங்கள் சிறைக்குப் போகக் கூடாது.

ரைஃபிள் என்றால் தோளிலிருந்து சுடுவதற்கென்று வடிவமைத்தது என்பது சட்டத்தின் வரையறை. இங்கேதான் பஃபர் ட்யூப் வருகிறது. அது தோளுக்கு எட்டும் நீளத்தில் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது, ஆனால் கேரியர் ஓடுவதற்கு அவசியம். அதனால் வெறும் ட்யூபை ஸ்டாக்காக, துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப் எண்ணுவதில்லை. சர்ச்சைக்குள்ளான 2023 விதிகூட, பின்னால் இருக்கும் பரப்பு துப்பாக்கியின் இயக்கத்துக்குத் தேவையான பாகமா என்பதைத் தனியாக ஓர் அளவுகோலாக வைத்தது. இயங்குவதற்குப் பின்ட்யூபே தேவைப்படாத வேறு வகைப் பிஸ்டல்களில் அப்படி ஒன்றைச் சேர்த்து மாட்டினால், எதற்காக என்ற கேள்வி எழும். ஏஆர் பிஸ்டலுக்கு அந்தக் கேள்வி இல்லை. பிஸ்டல் ட்யூப் என்று விற்பது உருண்டையாக, ஸ்டாக் மாட்டும் தண்டவாளமும் துளைகளும் இல்லாமல் இருக்கும். பிரேஸ் வேண்டாம் என்பவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான்: உருண்டை ட்யூப், மேலே ஒரு ரப்பர் உறை.

பிரேஸின் வரலாறு நீளம், சுருக்கமாகச் சொல்கிறேன். மாற்றுத்திறனாளியான முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் ஒரு கையால் ஏஆர் பிஸ்டலைப் பிடித்துச் சுட உதவியாக, முன்கையில் கட்டிக்கொள்ளும் பட்டையாக அது உருவானது. 2012இல் ஏடிஎஃப் அதை ஸ்டாக் அல்ல என்று ஏற்றது. 2015இல், அதைத் தோளில் வைத்தால் துப்பாக்கியையே மறுவடிவமைப்பு செய்ததாகும் என்றது. 2017இல் அதைத் தளர்த்தியது. 2023 ஜனவரியில் வெளியிட்ட விதி, பிரேஸ் மாட்டிய பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றைக் குட்டை ரைஃபிள் ஆக்கியது, மே 31க்குள் வரியில்லாமல் பதிவு செய்யலாம் என்று அவகாசம் தந்தது. பல லட்சம் பேர் அசையவே இல்லை. வழக்குகள் குவிந்தன. 2024 ஜூனில் டெக்சாஸின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் மாக் வழக்கில் விதியை மொத்தமாக ரத்து செய்தது. அதே ஆகஸ்டில் எட்டாவது மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றமும் விதியை எதிர்த்தவர்கள் பக்கம் நின்றது. 2025இல் மாக் வழக்கின் மேல்முறையீட்டை அரசே கைவிட்டது. ஆக, இன்றைக்கு அந்த விதி இல்லை.

ஆனால் ரத்தானது விதிதான், 1934ஆம் ஆண்டுச் சட்டம் அல்ல. பிரேஸ் என்ற பெயரை ஒட்டிக்கொண்டு அப்பட்டமாக ஸ்டாக்காகச் செய்யப்பட்ட ஒன்றை மாட்டினால், சட்டத்தின் வரையறையை வைத்தே ஒருவர்மீது வழக்குப் போட முடியும். பட்டையே இல்லாத, கையில் கட்டவே முடியாத ‘பிரேஸ்’களை நான் தவிர்க்கச் சொல்வேன்.

இன்னொரு பொறி, வீட்டில் கிடக்கும் உதிரிகள். 1992இல் தாம்சன் சென்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிஸ்டலையும் அதை ரைஃபிளாக்கும் பாகங்களையும் ஒரே பெட்டியில் விற்ற நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. காரணம், அந்தப் பாகங்களால் சட்டத்துக்குட்பட்ட நீண்ட குழல் ரைஃபிளும் செய்ய முடியும். சட்டவிரோதமானதைத் தவிர வேறு எதற்கும் பயன்படாத பாகங்கள் மட்டும் கையில் இருந்தால் கதை வேறு. ஏழரை அங்குலப் பிஸ்டல் ஒன்றே ஒன்று, பக்கத்தில் அதில் பொருந்தும் ஸ்டாக், வேறு ஏஆர் எதுவும் வீட்டில் இல்லை என்ற நிலையில் இருக்காதீர்கள். பிறந்த முறையும் முக்கியம். 2011இல் ஏடிஎஃப் வெளியிட்ட தீர்மானத்தின்படி, பிஸ்டலாகத் தொடங்கியதை 16 அங்குலக் குழல் போட்டு ரைஃபிளாக்கலாம், மறுபடி பிஸ்டலுக்குத் திரும்பலாம். ரைஃபிளாகத் தொடங்கியதைப் பிஸ்டலாக்க முடியாது, அது ‘ரைஃபிளிலிருந்து செய்த ஆயுதம்’ ஆகிவிடும். உங்களுடையது பிஸ்டலாகவே வாங்கியது என்பதற்கான ரசீதைப் பத்திரமாக வையுங்கள். முன்னால் செங்குத்தான கைப்பிடி மாட்டவும் ஆசை வரும். 26 அங்குலத்துக்குக் குறைந்த பிஸ்டலில் அதை மாட்டினால், ஏடிஎஃப் கணக்கில் அது ‘பிற ஆயுதம்’ என்ற தனி வகைக்குப் போய்விடும், அதற்கும் பதிவு வேண்டும்.

உண்மையில் ஸ்டாக்தான் வேண்டும் என்றால் நேர்வழி இருக்கிறது, இப்போது அது மலிவும்கூட. ஏடிஎஃபின் படிவம் 1ஐ நிரப்பி, கைரேகையும் புகைப்படமும் கொடுத்து, அனுமதி கையில் வந்த பிறகு ஸ்டாக்கை மாட்டலாம். ரிசீவரில் உங்கள் பெயரும் ஊரும் மாநிலமும் பொறிக்க வேண்டும். 1934இலிருந்து மாறாமல் இருந்த 200 டாலர் வரி, 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தால் குட்டை ரைஃபிள்களுக்கு 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம். வரி போனதே தவிரப் பதிவு போகவில்லை. வரியே இல்லாதபோது வரிச் சட்டத்தின் பெயரால் பதிவு எதற்கு என்று வழக்குகள் நடக்கின்றன, அவற்றின் முடிவை எதிர்பார்த்து முன்கூட்டியே மாட்டிவிடாதீர்கள். டெக்சாஸில் இந்த வழி திறந்திருக்கிறது. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் சாதாரண ஆளுக்கு இது கிடையாது.

மைத்துனர் விஷயம். இதைக் கேட்டது நல்லது, நம் ஆட்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது. எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் வந்திருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. வாங்குவது மட்டுமல்ல, வைத்திருப்பதும். இதற்கு விதிவிலக்குகள் உண்டு. பலரும் பயன்படுத்துவது, ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம். அது கையில் இல்லாமல் உங்கள் துப்பாக்கியை மைதானத்தில் அவரிடம் கொடுத்து ‘நாலு சுடு’ என்று சொன்னாலே இருவருக்கும் வம்பு. பாதிக்கப்படுவது அவருடைய விசாவும் எதிர்காலமும். பச்சை அட்டை இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. வாங்கும்போது நிரப்பும் படிவத்தில் இதைத் தெளிவாகவே கேட்கிறார்கள், அங்கே பொய் எழுதுவது தனிக் குற்றம். அவருக்காக என்று நீங்கள் வாங்கி உங்கள் பெயரில் கையெழுத்திடுவதும் அப்படியே. ஆசை இருந்தால், முதலில் அவர் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசட்டும்.

கடைசியாகப் பயணம். பிஸ்டலாக இருக்கும்வரை மாநில எல்லையைத் தாண்ட ஏடிஎஃப் அனுமதி தேவையில்லை. குட்டை ரைஃபிளாகப் பதிவு செய்துவிட்டால் எல்லையைத் தாண்டப் படிவம் எழுதி முன் அனுமதி வாங்க வேண்டும். அடிக்கடி ஊர் சுற்றுகிறவர்கள் ஸ்டாக்கைவிடப் பிரேஸே போதும் என்று நினைப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் பிஸ்டலுக்கு அந்தந்த மாநிலத்தின் கைத்துப்பாக்கிச் சட்டம் பொருந்தும், காரில் தோட்டா நிரப்பி வைக்கலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். லூசியானா, ஓக்லஹோமா பக்கம் போவதற்கும் கலிஃபோர்னியா போவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கழற்றும் மேகசின் கைப்பிடிக்கு வெளியே பொருந்தும் அரைத்தானியங்கிப் பிஸ்டல் கலிஃபோர்னியாவில் தாக்குதல் ஆயுதம், ஏஆர் பிஸ்டலின் அமைப்பே அதுதான். அந்தப் பக்கம் போவதாக இருந்தால் துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போங்கள்.